வாபஸ் மன்றாட்டு

பேபியின் குரலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வேறு யாராவது வாசித்திருந்தால் சந்தியாகபுரம் கோயிலில் பாதிப் பேருக்கு அந்த மன்றாட்டு காதிலேயே விழுந்திருக்காது. விழுந்தவர்களுக்கும் மைக்கின் கரகரப்பில் பெயர் பிடிபட்டிருக்காது. ஊர் பாட்டுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பேபியின் குரல் அப்படிப்பட்டதல்ல. வார நாட்களில் ஏரல் சந்தையில் உட்கார்ந்து "சாளை... நெய்ச்சாளை..." என்று அவள் கூவினால் ஆற்றுப் பாலத்தில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். ஞாயிற்றுக்கிழமை அதே குரல் கோயிலில் வாசகப் பீடத்தில் ஏறி நிற்கும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள்தான். ஆனால் அவள் பைபிளில் எசாயா தீர்க்கதரிசியின் ஆகமத்தை வாசித்தால், எசாயாவே மீன்சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்று பேசுகிற மாதிரி இருக்கிறது என்று அவள் புருஷன் இனிகோ சொல்லுவான். கேலியாகத்தான் சொல்லுவான். ஆனால் சொல்லும்போது முகத்தில் பெருமை வழியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இனிகோ ஆண்கள் பக்கம் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு எந்த வள்ளமும் கடலுக்குப் போகாது. வாரம் முழுக்கக் கெட்ட தூக்கத்தில் ஒரு பகுதியைப் பிரசங்க நேரத்தில் சரிக்கட்டுவது கடலுக்குப் போகிறவர்களின் பழக்கம். பிரசங்கம் முடிந்து எல்லாரும் எழுந்தபோது அவனும் எழுந்தான். மன்றாட்டு தொடங்கியது.

மன்றாட்டு என்றால் பெரிய விஷயமில்லை. பீடத்தில் நிற்கிறவர் ஒரு வேண்டுதலை வாசிப்பார். "ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்" என்று அவர் குரல் இறங்குகிற இடத்தில் கோயில் மொத்தமும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சேர்ந்து சொல்லும். பால்குடி மறந்த நாளிலிருந்து சொல்லிப் பழகிய வாய்கள். அதற்குக் காது போதும், மூளை தேவையில்லை. குரல் எங்கே இறங்கினாலும் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

பேபி திருத்தந்தைக்காக வாசித்தாள். சொன்னார்கள். நாட்டை ஆளும் தலைவர்களுக்காக வாசித்தாள். இப்போதெல்லாம் அந்த இடத்தில் சிலர் வாயை இறுக்கிக்கொள்வார்கள், சிலர் வேண்டுமென்றே உரக்கச் சொல்லுவார்கள். எந்தத் தலைவர் என்பதைப் பொறுத்து ஆட்கள் மாறுவார்கள். கடல் வளத்துக்காக வாசித்தாள், அதற்கு எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். பிறகு நோயாளிகளுக்கான மன்றாட்டு வந்தது. அங்கேதான் அவள் தாளிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"ஏரலைச் சேர்ந்த இசக்கியப்பன் அவர்களுக்காக மன்றாடுவோம். விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் கிடக்கும் அவர், உயிர் பிழைத்து, தம் கால்களால் நடந்து வீடு வந்து சேர வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயில் கணீரென்று சொல்லியது. இனிகோவும் சொன்னான். சொல்லி முடித்து வாயை மூடிய பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கு உறைத்தது. பக்கத்தில் நின்றவன் அவனைப் பார்த்தான். இனிகோ தன் மனைவியைப் பார்த்தான். பின்வரிசையிலிருந்து ஒரு முணுமுணுப்பு புறப்பட்டு முன்வரிசை வரைக்கும் வந்தது. பேபி தாளை மடித்துக்கொண்டு இறங்கிப் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டாள்.

இசக்கியப்பன் யார் என்று சந்தியாகபுரத்தில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஏரலில் உரக்கடை வைத்திருப்பவர். ஆற்றங்கரையில் நெல் வயலும் உண்டு. ஒரு காலத்தில் நல்ல மனுஷன்தான். குழந்தை இல்லாமல் அவர் மனைவி சங்கரம்மாள் இதே கோயிலுக்கு நேர்ந்துகொண்டு வந்து மெழுகுவத்தி ஏற்றியபோது, வெளியே கொடிமரத்தடியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காத்திருந்தவர். பிறகு அரசியல் வந்தது. கொடி வந்தது, சால்வை வந்தது, மேடை வந்தது. போன தேர்தல் சமயத்தில் ஒரு மேடையில், "வந்தேறிச் சாமியக் கும்பிடுதவன்கிட்ட மீன் வாங்காதிய" என்று பேசினார். அது வீடியோவாகி எல்லாக் கைபேசிக்கும் போனது. ஐந்நூறு வருஷமாகக் கிறிஸ்தவ வேதத்தில் இருக்கிறவர்கள், கடலில் அதற்கும் முன்னாலிருந்து இருக்கிறவர்கள், தங்களை வந்தேறி என்று கேட்டபோது முதலில் சிரித்தார்கள். போன மாதம் அவருடைய ஆட்கள் ஏரல் சந்தையில் மீன்காரப் பெண்களைக் கடையை எடுக்கச் சொன்னபோது சிரிப்பு நின்றுபோனது.

பெண்கள் எடுக்கவில்லை. இசக்கியப்பன் தானே வந்து, பேபியோடு சந்தைக்கு வருகிற ஜெர்லினின் மீன்சட்டியைக் காலால் எட்டி உதைத்தார். பாறை மீனும் விளமீனும் சாக்கடையில் போய் விழுந்தன. ஜெர்லின் சட்டியைப் பிடிக்கப் போய்க் கைவிரலை ஒடித்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேபி எழுந்து, குனிந்து, இரண்டு கை நிறைய மண்ணை அள்ளி அவர் முகத்துக்கு நேராகத் தூற்றினாள். ஏரல் முழுக்கக் கேட்கும்படி சாபம் விட்டாள். போலீஸில் மனு கொடுத்தார்கள். அந்த மனு இன்றைக்கும் மனுவாகவே இருக்கிறது.

அந்த இசக்கியப்பனைத்தான் கயத்தாறு பக்கம் நாற்கரச் சாலையில் ஒரு லாரி அடித்துப் போட்டிருந்தது. திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைப்பாரோ மாட்டாரோ என்று பேச்சு. ஊர் வாட்ஸ்அப் குழுவில் "மாதா கணக்கத் தீத்துட்டா" என்று யாரோ போட, கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைகள் விழுந்தன. அதில் ஒரு ஜோடிக் கை இனிகோவுடையது.

பூசை முடிந்ததும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கொடிமரத்தடியில் கூட்டம் கூடிவிட்டது. ஊர்க் கமிட்டித் தலைவர் அம்புரோஸ் நடுவில் நின்றார். தூத்துக்குடி கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவர். வீட்டில் காப்பி ஆறிப்போனால்கூட 'மேற்படி காப்பி' என்றுதான் முறையிடுவார் என்று அவருக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள்.

"ஏ பேபி, யாரக் கேட்டு அந்தப் பேரச் சொன்ன?"

"யாரையும் கேக்கல அண்ணாச்சி. நோயாளிகளுக்காகன்னு தாள்ல இருந்துச்சு. நோயாளி பேரச் சொன்னேன்."

"நம்மாளு பேரச் சொல்லணும்."

"தாள்ல நம்மாளுன்னு போடலியே."

யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள். அப்போது ஜெர்லின் முன்னால் வந்தாள். அவள் விரலில் இன்னும் கட்டு இருந்தது. சத்தம் போடவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

"என் சட்டிய எட்டி உதைச்ச காலு அது, மைனி. அந்தக் காலு நடக்கணும்னு என் வாயாலயே சொல்ல வச்சிட்டியளே."

பேபி தலையைக் குனிந்துகொண்டாள். இனிகோவுக்கு அந்த இடத்திலேயே மணலுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. மனைவி மேல் கோபம் ஒரு பக்கம், ஜெர்லினை நிமிர்ந்து பார்க்க முடியாத வெட்கம் ஒரு பக்கம்.

அம்புரோஸ் தொண்டையைச் செருமினார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. மனு போட்டா வாபஸ் வாங்க வழி உண்டு. மன்றாட்டும் ஒரு மனுதான். வார ஞாயித்துக்கெழம அதே மைக்குல ஏறி, போன வாரம் கேட்டத வாபஸ் வாங்குதோம்னு ஒரு மன்றாட்டு வாசிச்சிரு. முடிஞ்சுபோச்சு."

"மனுதாரர் நான் ஒருத்தியா அண்ணாச்சி?" என்று பேபி தலையைத் தூக்கிக் கேட்டாள். "நான் வாசிக்கத்தானே செஞ்சேன். கேட்டருளும்னு கையெழுத்துப் போட்டது ஊரு பூராவும்லா? நீங்களும் போட்டிய. உங்க சத்தம் எனக்கு மைக்கு வரைக்கும் கேட்டுச்சு."

அம்புரோஸின் முகம் சிவந்துவிட்டது. கோர்ட்டில் யாரும் அவரை இப்படி மடக்கியதில்லை. பங்குச் சாமியார் ஜெனோ அடுத்த ஊர்ப் பூசைக்குப் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தவர், கூட்டத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். சின்ன வயது, வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஜெபத்த வாபஸ் வாங்குறதுக்கு முறை எதுவும் நான் செமினரியில படிக்கலியே" என்று நிஜமாகவே யோசித்தபடி சொன்னார். பிறகு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார். அது அவருக்கு நல்லதாகப் போயிற்று.

முடிவு இதுதான்: பேபி அடுத்த ஞாயிறு வாபஸ் வாசிக்க வேண்டும். இல்லையென்றால் இனி வாசகப் பீடத்தில் கால் வைக்கக் கூடாது.

இனிகோவை உலுக்கியது அந்த இரண்டாவது வாக்கியம்தான். பேபிக்கு நகை ஆசை கிடையாது. சினிமா கிடையாது. பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. அவளுக்கென்று இருந்தது அந்தப் பீடம் ஒன்றுதான். சனிக்கிழமை மீன் வாடை போகச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, பைபிளை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக நாக்கில் உருட்டிப் பார்ப்பாள். அதை எடுத்துவிட்டால் இவள் என்ன ஆவாள் என்று அவன் பயந்தான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டான். "ஒரு வரிதானே ஏளா? வாசிச்சிட்டு எறங்கிர வேண்டியதுதான? ஊரோட மல்லுக்கட்டி என்ன கெடைக்கப் போவுது?"

"எழுதித் தாங்க. வாசிக்கேன்."

"என்ன?"

"நெசமாத்தான் சொல்லுதேன். நீங்க எழுதித் தாங்க. நீங்க எழுதுன வரிய நான் மாட்டேன்னு சொல்ல மாட்டேன்."

இவ்வளவு லேசாக ஒத்துக்கொள்வாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. சந்தோஷப்பட்டான். முட்டாள்தனம்தான், ஆனால் அப்போது அவனுக்கு அது தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை கடலிலிருந்து வந்து அவன் சாப்பிட உட்கார்ந்தபோது பேபி தானாகவே பேச்சை எடுத்தாள். குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"சங்கரம்மா போன் பண்ணுனா. அன்னைக்கு, ஆக்சிடென்ட் ஆன மறுநா."

சங்கரம்மாளைப் பற்றி இனிகோவுக்குத் தெரியும். புருஷன் மீன் வாங்காதே என்று மேடையில் முழங்கிய பிறகும் புறவாசலில் நின்று பேபியிடம் சாளை வாங்கிக்கொண்டிருந்தவள். இசக்கியப்பனும் அதைத்தான் சாப்பிட்டார். எந்தக் கடலில் பிடித்தது என்று அவர் தட்டைப் பார்த்துக் கேட்டதாகத் தகவலில்லை.

"என்ன சொன்னா?"

"'நீ சர்ச்சுல மைக்குல பேசுவியாமே, எங்க வீட்டுக்காரவிய பேரையும் மைக்குல சொல்லிரு ஏளா'ன்னு அழுதா. மைக்குல சொன்னாத்தான் சாமிக்குக் கேக்கும்னு அவ நெனைப்பு." பேபி லேசாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "ஒரு காலு நசுங்கிட்டாம். எடுக்கணும்னு சொல்லுதாவளாம். அதச் சொல்லும்போது எனக்கு என்ன தோணுச்சுன்னு தெரியுமா? சந்தோசமா இருந்துச்சு."

இனிகோ சாப்பிடுவதை நிறுத்தினான்.

"சந்தையில நான் மண்ணள்ளித் தூத்துனேம்லா, என்ன சொன்னேன்னு ஞாவகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமலா? 'எட்டி உதைச்ச காலு வெளங்காமப் போவும்.' அதைக் கடற்கரையில் எத்தனை பேரிடம் அவன் நடித்துக் காட்டியிருக்கிறான்! என் பொண்டாட்டி மண்ணள்ளிப் போட்டாள் பார் என்று. கயத்தாறு செய்தி வந்த அன்றைக்கு வலை பிரிக்கிற இடத்தில் ஒருவன், "மைனி வாயி பலிச்சிட்டுலே" என்று சொன்னபோது இனிகோ மறுக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றான்.

"என் வாயி பலிச்சிட்டுன்னு நான் நம்பல" என்றாள் பேபி. "லாரிக்காரன் என் பேச்சக் கேட்டா வந்தான்? ஆனா அவ அழுதுகிட்டு இருக்கா, நான் இங்கன நின்னு உள்ளுக்குள்ள சிரிக்கேன். ஒரு நிமிசந்தான். என்னைய நெனைச்சே எனக்குப் பயமாப் போச்சு. ஞாயித்துக்கெழம ஏறி நின்னு ஆண்டவரே ஆண்டவரேன்னு வாசிக்கித வாயிதானே இதுவும்? அம்புரோஸ் அண்ணாச்சி என்னைய வாபஸ் வாங்கச் சொல்லுதாவ. நான் வாங்குனதே வாபஸ்தாங்க. ஏரல் சந்தையில எல்லாருக்கும் கேக்க ஒரு மனு போட்டேன். அத எல்லாருக்கும் கேக்க வாபஸ் வாங்குனேன். இனி அதையும் வாபஸ் வாங்குனா, மறுபடி மண்ணத்தான் அள்ளணும்."

இனிகோ சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். இத்தனை வருஷம் இந்தப் பெண்ணோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், இவளுடைய தொண்டையைத்தான் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தோம் என்று அவனுக்குத் தோன்றியது. தன்னைவிடப் பெரிய மனுஷி ஒருத்தி எதிரில் உட்கார்ந்து முள் எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது சட்டென்று தெரிந்தபோது, அவனுக்குக் கூச்சமாகவும் இருந்தது, நிறைவாகவும் இருந்தது.

"அப்ப ஏன் எழுதித் தாங்க, வாசிக்கேன்னு சொன்ன?"

"நீங்க எழுதிருவியளான்னு பாக்கத்தான்" என்றாள்.

எழுதிப் பார்த்தான். அதையும் சொல்ல வேண்டும். அவள் சொன்னதெல்லாம் சரி என்று தெரிந்தும், பீடம் அவள் கையை விட்டுப் போவதைத் தாங்க முடியாமல், யாருக்கும் நோகாத மாதிரி ஒரு வரி கிடைத்துவிடாதா என்று சனிக்கிழமை மத்தியானம் காலண்டர் தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

'இசக்கியப்பன் குணமாகக் கூடாதென்று உம்மை மன்றாடுகிறோம்.' எழுதியவுடனே அடித்தான். இதைச் சிலுவைக்கு முன்னால் நின்று வாசிக்க எந்தக் கொலைகாரனுக்கும் துணிச்சல் வராது.

'இசக்கியப்பன் விஷயத்தில் உமது சித்தம்போல் செய்தருளும்.' இது பரவாயில்லையாகத் தெரிந்தது. ஆனால் இதற்கு என்ன அர்த்தம்? நாங்கள் எதுவும் கேட்கவில்லை, எங்களை இதில் இழுக்காதே என்று அர்த்தம். இயேசுவைச் சாகக் கொடுத்துவிட்டுப் பிலாத்து கைகழுவிய தண்ணீர்தான் இது.

'போன வாரம் நாங்கள் சொன்னதைக் கேளாதேயும்.' இங்கே அவன் பேனா நின்றுவிட்டது. கேட்டருளும் கேட்டருளும் என்று பிறந்ததிலிருந்து சொல்லி வந்த வாயால், கேளாதேயும் என்று முதல் தடவையாகச் சொல்ல வேண்டும். ஆண்டவர் அந்தப் பேச்சை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொண்டு, நாளைக்கு வள்ளம் புயலில் மாட்டி இவர்கள் கதறும்போதும் கேளாதிருந்துவிட்டால்?

தாளைக் கசக்கி மடியில் செருகிக்கொண்டு நேரே அம்புரோஸ் வீட்டுக்குப் போனான்.

"அண்ணாச்சி, எனக்கு எழுத வரல. நீங்களே எழுதித் தாங்க."

"இதுக்கா மூச்சிரைக்க வந்த?" அம்புரோஸ் சாய்வு நாற்காலியிலிருந்து எழாமலே சிரித்தார். "என் சர்வீஸ்ல எத்தன மனு எழுதியிருப்பேன்! அவ வாசிக்க வேண்டாம்லே. நானே எழுதுதேன், நானே வாசிக்கேன். அவள மட்டும் பேசாம கீழ நிக்கச் சொல்லு."

மறுநாள் பேபி பெண்கள் பக்கம் கீழே நின்றாள். வாசகப் பீடத்தில் கான்வென்டில் படித்த ஒரு பெண் ஏறி எசாயா ஆகமத்தை வாசித்தாள். பிழையில்லாமல்தான் வாசித்தாள், பேருந்து அட்டவணை வாசிக்கிற மாதிரி. இனிகோ மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உதடுகள் சத்தமில்லாமல் ஒவ்வொரு சொல்லோடும் கூடவே அசைந்தன. நிறுத்த வேண்டிய இடத்தில் அந்தப் பெண் நிறுத்தாமல் ஓடியபோது பேபியின் உதடு மட்டும் நின்று, பிறகு ஓடிப் பிடித்தது. அதைப் பார்க்க அவனுக்குத் தாங்கவில்லை. கடலில் ஆளை இழந்த வீட்டில்கூட அவன் அழுததில்லை. இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மன்றாட்டு வந்தது. வழக்கமான மன்றாட்டுகள் முடிந்ததும் அம்புரோஸ் வெள்ளைச் சட்டையும் மடிப்புக் கலையாத வேட்டியுமாகப் பீடத்தில் ஏறினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தாளை விரித்தார். கோயிலில் குழந்தைகள்கூட அழவில்லை.

"எல்லாம் வல்ல ஆண்டவரே! கடந்த ஞாயிறன்று இவ்விடத்தில் வாசிக்கப்பட்டதும், ஏரலைச் சேர்ந்த இசக்கியப்பன் என்பவர் உயிர் பிழைத்து நடந்து வர வேண்டும் என்று கோருவதுமான மேற்படி மன்றாட்டைப் பொறுத்து..."

அத்தோடு நின்றார்.

அடுத்த வரி தாளில் இருந்தது. இனிகோ நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தாளின் பின்பக்கம் மசியின் நிழல் தெரிந்தது. ஆனால் அம்புரோஸுக்கு அது வாயில் வரவில்லை. வாழ்நாள் முழுக்க யார் யாருக்காகவோ எதை எதையோ கோரி எழுதிய மனுஷன், வீட்டில் உட்கார்ந்து எழுதியபோது அது ஒரு வாசகமாக இருந்தது. இங்கே, சிலுவைச் சுரூபத்துக்கு முன்னால், தன் சொந்தக் குரலில் அதைச் சொல்லப் போகும்போது அது ஒரு மனுஷனின் உயிராக இருந்தது. அவர் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். கோயில் காத்திருந்தது. குரல் இறங்கினால் திறக்கத் தயாராக ஒவ்வொரு வாயும் காத்திருந்தது. அவர் அந்த வரியைச் சொல்லிவிட்டால், இந்தச் சனம் பழக்கதோஷத்தில் அதற்கும் கேட்டருளும் என்று சொல்லிவிடும். சொல்லி முடித்த பிறகுதான் அதற்கு உறைக்கும்.

இதுவரை வாசித்ததில் இருந்தது இசக்கியப்பன் பிழைக்க வேண்டும் என்ற கோரிக்கை மட்டும்தான், வாபஸ் இன்னும் வரவில்லை என்று இனிகோவுக்குப் பட்டது. யோசிக்க நேரமில்லை. வள்ளத்தில் எதிர்க்காற்றில் அடுத்த வள்ளத்தைக் கூப்பிடுகிற குரலில், அடிவயிற்றிலிருந்து கத்தினான்:

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

அவன் முதல் சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் கோயில் மொத்தமும் கூடவே எழுந்துவிட்டது. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், மாடத்தில் நின்ற பாடகர் குழு, வாசலில் செருப்புக்குக் காவலாக நின்றவர்கள் எல்லாரும். கூரையில் அடைந்திருந்த புறாக்கள் படபடத்துப் பறந்தன. போன வாரம் இனிகோவின் வாய்தான் சொல்லியிருந்தது. இந்த வாரம் சொன்னது இனிகோ.

அம்புரோஸ் திறந்த வாய் திறந்தபடி நின்றார். தாளைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். ஜெனோ சாமியார் அதுவரை யாரும் அவரிடம் பார்த்திராத வேகத்தில், "காணிக்கைப் பாடலைப் பாடுவோம்" என்று அறிவித்துவிட்டார். ஆர்மோனியம் தொடங்கிவிட்டது. அம்புரோஸ் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினார். இறங்கும்போது அவர் முகத்தில் இருந்தது கோபம் என்று சிலர் பிற்பாடு சொன்னார்கள். இனிகோ பக்கத்திலிருந்து பார்த்தான். ஆபத்தான வளைவில் யாரோ கையைப் பிடித்து இழுத்துவிட்டவரின் முகம்தான் அது.

கொடிமரத்தடியில் அவர் இனிகோவை நிறுத்தினார். எல்லாரும் சுற்றி நின்று காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"ஏலே இனிகோ."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"வாபஸ் மனு தள்ளுபடி ஆயிட்டுலே" என்றார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். "அந்தப் பிள்ள பஸ் டைம் சொல்லுத மாதிரியில்லா வாசிக்கி? வார வாரம் உம் பொண்டாட்டியவே வாசிக்கச் சொல்லு."

பேபி அங்கே இல்லை. கோயிலுக்கு வெளியே மாதா கெபிப் பக்கம் ஜெர்லினோடு நின்றுகொண்டிருந்தாள். இனிகோ போனபோது ஜெர்லின் பேசிக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லல மைனி. எல்லாரும் சொன்னாவ. எனக்கு வாயி வரல."

"தெரியும்ளா. பாத்தேன்." பேபி அவளுடைய கட்டுப் போட்ட கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "சொல்லாண்டாம். போன வாரம் நான் உன்னையக் கேக்காம உன் வாயையும் சேத்து இழுத்தது தப்புதான். வரும்போது வரட்டும். வராட்டி போவட்டும். நாளைக்கு நாம ரெண்டு பேரும் ஏரல்ல பழைய எடத்துலயே சட்டிய எறக்குதோம். யாரு எழுப்புதான்னு பாப்போம்."

வீட்டுக்குப் போகிற வழியில் இனிகோவும் பேபியும் மணலில் நடந்தார்கள். இசக்கியப்பன் இன்னும் கண் விழிக்கவில்லை. விழித்தாலும் என்ன பேசுவாரோ தெரியாது. கால் தேறி மேடையேறினால் மறுபடியும் வந்தேறி என்றே தொடங்கினாலும் தொடங்குவார். இனிகோ அதைச் சொன்னான்.

"பேசுவாவ" என்றாள் பேபி. "பேசட்டும். நடந்துவந்து பேசட்டும்."

வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். சந்தைக் குரலோ பீடத்துக் குரலோ அல்ல. பக்கத்தில் நிற்கிறவனுக்கு மட்டும் கேட்கிற சின்னக் குரல்.

"சங்கரம்மாகிட்ட இனி மைக்கு வேண்டாம்னு சொல்லணும். நீங்க போட்ட சத்தம் மைக்கு இல்லாமலே திருநெல்வேலி வரைக்கும் கேட்டிருக்கும்."